மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து சர்வதேச ஆய்வுத் திட்டங்களில் சேர்வது எப்படி?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, தற்காலிக விரிவுரையாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "வெளிநாட்டு ஆய்வு நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. எந்த ஆய்வுக்கு என்பது முதலில் முடிவாக வேண்டும். விண்ணப்பம் கோரும் அழைப்பைப் பார்த்த பிறகு அதற்கேற்ப ஒரு ஆய்வை அவசரமாகச் சோடிப்பவர்களை மதிப்பீட்டாளர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்கே நான் எழுதுவது பொதுப் பணத்தில் நடக்கும் திட்டங்களைப் பற்றி மட்டும். ஏதோ ஒரு நாட்டின், அல்லது பல நாடுகளின் வரிப்பணம் அது. அதனால் விதிகள், புள்ளி வழங்கும் முறை, முன்பு வென்ற திட்டங்களின் பட்டியல் எல்லாம் பகிரங்கமாக இருக்கும். ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும் என்ற நினைப்பை விட்டுவிடலாம். அதே காரணத்தால் கணக்கு வழக்கும் கடுமையாக இருக்கும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதல் படி: கேள்வியை இங்கிருந்தே எடுங்கள்

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் உங்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால், அவரிடம் இல்லாத ஏதோ ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். கருவி அவரிடம் இருக்கும், பணமும் இருக்கும். இடமும், அந்த இடத்தில் தொடர்ந்து எடுத்த அளவீடும், அங்குள்ள சனங்களோடு பேசும் மொழியும் உங்களிடம்தான் உண்டு.

மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே பாலமீன்மட்டிலும் தெற்கே கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மழையில்லாத மாதங்களில் மணல்திட்டு வாயை அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறும்போது வாயை வெட்டிவிடச் சொல்லி வயல்காரர் நிற்பார்கள். வெட்டினால் மீனும் இறாலும் என்னவாகும் என்று வாவியை நம்பிப் பிழைப்பவர்கள் கேட்பார்கள். எப்போது, எவ்வளவு வெட்டினால் இரு தரப்புக்கும் பாதிப்புக் குறையும் என்பது இங்குள்ள எவருக்கும் விளங்கும் கேள்வி. இதே கேள்வியை வேறு நாடுகளும் கேட்டிருக்கின்றன. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு 2000 செப்டெம்பரில் புதிய வாய் ஒன்று வெட்டினார்கள். உப்புத்தன்மை மீண்டது, மீன்பிடி உயர்ந்தது. சீரழிந்துவரும் ஈரநிலங்களுக்கென்று ராம்சார் உடன்படிக்கை வைத்திருக்கும் பட்டியலிலிருந்து 2002இல் அந்த ஏரி நீக்கப்பட்டது. ஆக, மட்டக்களப்பு, சிலிக்கா, அவற்றோடு மத்தியதரைக் கடற்கரையில் ஒரு களப்பு என மூன்றையும் ஒப்பிட்டால் அது சர்வதேச ஆய்வு. வாவி மட்டும் என்றால் உள்ளூர் அறிக்கை.

இப்படி வேறும் உண்டு. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறந்த பிறகு, அதன் வாயில் மணல் நிரம்புவதும் வடக்கே கரை அரிக்கப்படுவதும் நிந்தவூர் வரைக்கும் எல்லோரும் கண்ணால் பார்ப்பது. கடற்கரைப் பொறியியல் படித்தவருக்கு இதைவிட நல்ல கள ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்? வயல் மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் மட்டக்களப்பிலும் பதிவாகியிருக்கிறது. வடகிழக்குத் தாய்லாந்திலும் வட அவுஸ்திரேலியாவிலும் அதைப் பற்றிப் பல்லாண்டு ஆய்வு நடக்கிறது. நம்மிடம் மண் இருக்கிறது, விவசாயிகள் இருக்கிறார்கள், பெரும்போக மழை இருக்கிறது. கல்லோயாத் திட்டத்தின் நீர்ப் பங்கீடு, காயான்கேணி பவளப்பாறை, 2004 சுனாமிக்குப் பின் கரையோர மண்ணும் கிணற்று நீரும் என்று பட்டியல் நீளும்.

கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதை அறிய வேண்டும், இதுவரை என்ன அளந்திருக்கிறார்கள், உலகில் வேறு எங்கே இதே சிக்கல் இருக்கிறது. மூன்றாவது பந்தி வெறுமையாக இருந்தால் உங்களுக்குத் தேவை உள்ளூர் நிதிதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தேசிய விஞ்ஞான மன்றம் அதற்காகத்தான் இருக்கிறது.

அளவீட்டை நிதி வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு சாதாரண உப்புமானியோடு கல்லடிப் பாலத்தடியில் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடுத்து, திகதியும் இடக் குறிப்பும் போட்டு ஒழுங்காக வைத்திருக்கும் இரண்டு வருடப் பதிவு, முப்பது பக்கக் கருத்துரையைவிடப் பெறுமதியானது. கூட்டாளி கேட்கும்போது அனுப்ப உங்களிடம் ஒரு கோப்பு இருக்கும்.

இரண்டாம் படி: எந்தக் கதவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கதவுகள் மூன்று வகை. ஆளுக்குக் கிடைப்பது, சிறு ஆய்வு நிதி, பல நிறுவனங்கள் சேர்ந்து எடுக்கும் பெரிய திட்டம். புதியவர்கள் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆளுக்குக் கிடைப்பதில் முதுமாணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில் நல்லது. கல்விக் கட்டணத்தோடு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். இரண்டு மூன்று நாடுகளில் படிப்பதால் ஆய்வுத் தொடர்புகள் தானாக உருவாகும். ஜேர்மனியின் டாட், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆகியவை பலருக்கும் தெரிந்தவை என்பதால் விரித்துச் சொல்லவில்லை. பலருக்குத் தெரியாதது மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள். இது புலமைப்பரிசில் இல்லை, சம்பளத்தோடு கூடிய வேலை. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் உங்களை ஊழியராக எடுத்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய வைக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டம் ஏற்கெனவே பெற்றிருக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவும் கூடாது. வந்தாறுமூலையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இந்த விதி சாதகம், ஏனென்றால் ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்கள் அதே நாட்டில் போட்டியிட முடியாது. வெற்றிடங்கள் யூராக்செஸ் என்ற தளத்தில் வருடம் முழுக்க வரும். கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கு அதே குடும்பத்தில் வேறொரு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரோடு சேர்ந்து எழுத வேண்டும். வழக்கமாக செப்டெம்பரில் முடிவுத் திகதி வரும். மார்ச்சிலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும்.

கிட்ட இருக்கும் நாடுகளை மறக்காதீர்கள். இந்தியாவில் அயல்நாட்டு ஆய்வாளர்களுக்கென்றே ஓர் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, இலங்கையரும் அதற்கு உரியவர்கள். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ சில மாதங்கள் ஒரு நல்ல ஆய்வுகூடத்தில் வேலை செய்தால் அங்கிருக்கும் கருவிகளும் ஆட்களும் பிறகு பல வருடம் உதவுவார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் இருக்கும் டுவாஸ், 1983இல் அப்துஸ் சலாம் தொடங்கிய உலக விஞ்ஞானக் கழகம். வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கென்று உதவித்தொகைகளும் ஆய்வு நிதிகளும் வைத்திருக்கிறது. அதே நகரில் அவரே 1964இல் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம், பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் தருகிறது. விஞ்ஞானத் துறைப் பெண்களுக்கென்று ஓ.டபிள்யு.எஸ்.டி. என்ற அமைப்பும் அங்கேயே இருக்கிறது.

சிறு நிதிகளில், காலநிலை, கரையோரம், நீர் பற்றி வேலை செய்பவர்கள் ஜப்பானின் கோபே நகரிலிருந்து இயங்கும் ஏ.பி.என். வலையமைப்பைப் பார்க்க வேண்டும். இலங்கை அதில் உறுப்பு நாடு. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து விண்ணப்பிப்பது அதன் முறை என்பதால் கூட்டாக எழுதிப் பழக நல்ல இடம். என் கருத்தில், பெரிய திட்டத்துக்கு ஓடுவதற்கு முன் இப்படி ஒன்றில் கையொப்பமிட்டு, கணக்குக் காட்டி, முடித்துக் காட்டுவது அவசியம். முடித்த திட்டம் ஒன்று கையில் இருப்பவரிடம் பெரியவர்கள் தாமாகவே வருவார்கள்.

மூன்றாவது கதவில் எல்லாவற்றையும்விடப் பெரியது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பா. 2021 முதல் 2027 வரைக்கும் தொடக்கத்தில் ஒதுக்கியது 95.5 பில்லியன் யூரோ. அடுத்த ஏழு வருடத்துக்கு 175 பில்லியன் வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 யூலையில் முன்மொழிந்தது, ஆகவே இந்தக் கதவு மூடப்போவதில்லை. நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி: இதில் தானாகவே நிதி பெறத் தகுதியுள்ள குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. இந்தியாவும் சீனாவும் அதில் இல்லை. கூட்டு அமைய, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளையோ அதோடு இணைந்த நாடுகளையோ சேர்ந்த மூன்று வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஒன்றிய நாடாக இருக்க வேண்டும். பிரித்தானியா 2024 சனவரியிலிருந்து இணைந்த நாடு. அந்த மூவரோடு நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ நாம் சேரலாம், நமக்கான பணம் நமக்கே வரும்.

பல்கலைக்கழகத்தின் கற்பித்தலையும் நிர்வாகத்தையும் வளர்க்க எராஸ்மஸ் பிளஸின் திறன் வளர்ப்புத் திட்டம் தனியாக இருக்கிறது. அதில் இலங்கைப் பல்கலைக்கழகமே ஒருங்கிணைப்பாளராக நிற்கலாம். ஜப்பானின் கூட்டு ஆய்வுத் திட்டமான சட்ரெப்ஸ் வேறு மாதிரி. ஆய்வுப் பணத்தை ஜப்பானிய விஞ்ஞான நிறுவனமும் இங்கே நடக்கும் பகுதிக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜெய்க்காவும் கொடுக்கும், இங்குள்ள அரசு நிறுவனம் கோரிக்கை வைக்க வேண்டும். இலங்கையில் குப்பை மேடுகளின் மாசு பற்றியும் மண்சரிவு முன்னெச்சரிக்கை பற்றியும் அந்த வழியில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள்: திட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? அமெரிக்க அரசின் யுஎஸ்எயிட் 2025இல் மூடப்பட்டது. அதை நம்பி எழுதிய பழைய வழிகாட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் படி: உங்களைத் தேடினால் கிடைக்க வேண்டும்

இது சின்ன வேலை, ஒரு பின்னேரத்தில் முடியும். ஓர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை இலவசமாக எடுங்கள். எல்லாக் கட்டுரையிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். தகப்பன் பெயரை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை எழுத்தாகவும் போட்டால் உலகத்துக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே எழுதுங்கள். காசு வாங்கி இரண்டு வாரத்தில் கட்டுரை போடும் சஞ்சிகைகளின் பக்கம் போகாதீர்கள், அதைப் பார்த்தாலே கூட்டாளி பின்வாங்குவார். பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வரங்கில் வாசித்த நல்ல கட்டுரை அதைவிட மேல்.

நான்காம் படி: கூட்டாளியைத் தேடுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். சிபாரிசு தேட வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் நிதி கொடுத்த ஆய்வுகள் எல்லாம் கோர்டிஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கின்றன. கரையோரக் களப்பு, உப்புநீர், கண்டல் என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். எந்தத் திட்டம், எவ்வளவு பணம், எந்தப் பல்கலைக்கழகம் தலைமை, எப்போது முடிகிறது என்பதெல்லாம் தெரியும். இன்னும் ஒரு வருடத்தில் முடியப்போகும் திட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுக்கள் அடுத்த விண்ணப்பத்தை இப்போதே யோசிக்கத் தொடங்கியிருக்கும். புதிய கள இடம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்படும் நேரமும் அதுதான்.

அடுத்து, அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுமையாக வாசியுங்கள். தலைமைப் பேராசிரியருக்கு மட்டும் எழுதாமல், கட்டுரையின் முதல் பெயராக இருக்கும் இளையவருக்கும் எழுதலாம். பதில் வருவதற்கு வாய்ப்பு அங்கேதான் கூட.

கடிதம் அரைப் பக்கம் போதும். முதல் வரியில் யார், எங்கே. இரண்டாவதில் அவர்களுடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்த இடம் உங்கள் வாவியோடு பொருந்துகிறது. மூன்றாவதில் உங்களிடம் என்ன தரவு இருக்கிறது, எத்தனை மாதம், எத்தனை இடம். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: அரை மணி நேரம் இணையத்தில் பேச முடியுமா? "எந்தத் துறையிலும் வேலை செய்யத் தயார்" என்ற வரியை எழுதவே எழுதாதீர்கள். நமது ஊரில் அது பணிவாகத் தெரியும். வாசிக்கும் பேராசிரியருக்கு, இவருக்கென்று ஒரு கேள்வி கிடையாது என்றே படும். முழுச் சுயவிபரக் கோவையை இணைக்க வேண்டாம், ஒரு பக்கச் சுருக்கம் போதும். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

நாட்டுக்குள்ளேயே சர்வதேசக் கதவு இருக்கிறது. பத்தரமுல்லையில் இருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் உலக அளவிலான ஆய்வு நிறுவனம், அதன் தலைமையகமே இலங்கையில். நீர்ப்பாசனம் பற்றி வேலை செய்யும் அம்பாறைக்காரர் அங்கிருந்து தொடங்கலாம். கடல், களப்பு என்றால் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாரா. பேராதனையிலோ உருகுணையிலோ இருக்கும் ஒரு குழு ஏற்கெனவே ஐரோப்பியத் திட்டத்தில் இருந்தால், கிழக்குக்கான கள இடமாக நீங்கள் சேர்ந்துகொள்ளுங்கள். நோர்வே, கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா என்று நம்மூர்ப் பிள்ளைகள் ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். அண்ணன், அக்கா என்று தயங்காமல் கேளுங்கள். நிதி கேட்க வேண்டாம். "இந்தத் துறையில் யாரோடு பேசலாம்?" என்று கேட்டாலே போதும்.

ஐந்தாம் படி: பல்கலைக்கழகத்தின் கையொப்பம்

பெரிய திட்டங்களில் விண்ணப்பிப்பது நீங்கள் இல்லை, உங்கள் நிறுவனம். நிதி ஒப்பந்தம் அதன் பெயரில்தான் வரும். நல்ல விண்ணப்பங்கள் இந்த இடத்தில் கவிழ்ந்ததைக் கண்டிருக்கிறேன். ஆய்வு தயாராக இருக்கும், கூட்டாளியும் தயாராக இருப்பார், ஒரு கடிதம் மேசையிலிருந்து மேசைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஐரோப்பியத் திட்டங்களுக்கு நிறுவனத்துக்கு பிக் என்ற ஒன்பது இலக்கப் பதிவு எண் வேண்டும். "நிதி, கேள்விப்பத்திர வாயில்" என்ற ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். ஏற்கெனவே எண் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அவசரத்தில் இன்னொன்றைத் திறந்தால் பிறகு இரண்டில் எது சரி என்று உறுதிப்படுத்தவே மாதங்கள் போகும். எண் இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து எடுங்கள். திட்டம் வென்றால், நிறுவனத்தின் சார்பில் சட்டப் பிரதிநிதி ஒருவரை உபவேந்தரின் கையொப்பத்தோடு நியமிக்க வேண்டிவரும். அரசு நிறுவனம் என்பதால் நிதிப் பலச் சோதனை கிடையாது, ஆவணம் கேட்பார்கள்.

துறைத் தலைவர், பீடாதிபதி, நிதியாளர், பதிவாளர், உபவேந்தர் என்ற வரிசையில் போகும் கோப்புக்கு முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே கால் முளைக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் மூதவை, பேரவை, அதற்கு மேல் கொழும்பு. அது இன்னும் நீளும். ஆனால் விண்ணப்பிப்பதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் தேவையில்லை. அது இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் அழைப்பின் விதியைக் காட்டுங்கள்.

நிதியாளரை விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே போய்ச் சந்தியுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் பணம் எந்தக் கணக்குக்கு வரும், ஆய்வு உதவியாளரை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும், கொள்வனவுக்கு எத்தனை விலைமனு வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை நண்பராக்கிக்கொண்டவருக்குத் திட்டத்தின் பாதி முடிந்த மாதிரி.

ஆறாம் படி: உங்கள் பெயரில் ஒரு வேலை, ஒரு தொகை

இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். நம் பகுதி ஆய்வாளர்களைச் சர்வதேசத் திட்டங்களில் மாதிரி சேகரிப்பவர்களாக மட்டும் வைத்துக்கொள்வது இன்னும் நடக்கிறது. வாவி நீரை அள்ளி, குப்பியில் அடைத்து, அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு வருடம் கழித்துக் கட்டுரை வரும், நன்றி நவிலலில் ஒரு வரி இருக்கும். இதைத் தடுக்க ஆவணத்தில் இடம் உண்டு. எழுதும் கட்டத்தில் கேட்டால் கிடைக்கும், பிறகு கேட்டால் கிடைக்காது.

முதலில், உங்கள் நிறுவனம் எந்தத் தகுதியில் சேர்கிறது என்று கேளுங்கள். பயனாளி நிறுவனம் என்றால் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும், பணம் பெறும், பொறுப்பும் ஏற்கும். இணைப் பங்காளி என்றால் வேலை உண்டு, திட்டத்திலிருந்து நேரடிப் பணம் இல்லை. ஆதரவுக் கடிதம் மட்டும் கேட்டால் இரண்டுமே இல்லை. ஆதரவுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாம் திட்டத்தில் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

அடுத்தது வேலைத் தொகுதி, அதாவது திட்டத்தின் வேலைகளைப் பிரித்து வைக்கும் பகுதி. முழுத் தொகுதிக்குத் தலைமை கிடைக்காவிட்டாலும் ஒரு பணிக்காவது நீங்கள் பொறுப்பாக இருக்க வேண்டும். கள அளவீடும் அதன் பகுப்பாய்வும் சேர்ந்து உங்களிடம் இருக்கும்படி கேளுங்கள். பகுப்பாய்வு அவர்களிடம் போனால் முதல் ஆசிரியர் இடமும் அவர்களிடம் போகும்.

வரவுசெலவில் கூச்சப்படாதீர்கள். முழுநேர ஆய்வு உதவியாளர் ஒருவர், முதுமாணி மாணவர் ஒருவர், தோணிக் கூலி, வாகனம், இரசாயனப் பொருட்கள், கொழும்புக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வரும் செலவு எல்லாம் போடலாம். களத்தில் உதவும் மீனவர்களுக்கான கூலியையும் எழுதுங்கள், அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு இலவசமில்லை. கருவி வாங்கினால் பொதுவாகத் திட்டக் காலத்துக்குரிய தேய்மானத்தை மட்டுமே ஏற்பார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹொரைசன் ஐரோப்பாவில் நேரடிச் செலவுகளுக்கு மேல் 25 வீதம் மறைமுகச் செலவாகப் பல்கலைக்கழகத்துக்கு வரும். மின்சாரமும் அலுவலகமும் அதில் அடங்கும். அதில் ஒரு பங்கு துறைக்கு வருமா என்று நிதியாளரோடு முன்பே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

தரவு யாருடையது, எங்கே வைக்கப்படும், யார் முதலில் பிரசுரிக்கலாம் என்பதெல்லாம் கூட்டாளிகளுக்கு இடையிலான தனி ஒப்பந்தத்தில் வரும். வந்த வரைவை அப்படியே கையொப்பமிடாமல் வாசியுங்கள். மாதிரியின் ஒரு பாதி இங்கேயே சேமிக்கப்படும், மூலத் தரவின் பிரதி நம் நிறுவனத்தில் இருக்கும் என்ற இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கச் சொன்னால் எந்த நேர்மையான கூட்டாளியும் மறுக்க மாட்டார்.

அனுமதிகளுக்கு நாள் ஒதுக்குங்கள். நோயாளிகள் சம்பந்தப்பட்டால் நெறிமுறைக் குழு. பாதுகாக்கப்பட்ட இடத்திலோ உயிரினத்திலோ கை வைத்தால் வனசீவராசிகள் திணைக்களம் அல்லது வனத் திணைக்களம். உயிரியல் மாதிரி நாட்டுக்கு வெளியே போவதென்றால் அதற்குத் தனி அனுமதி. வெளிநாட்டு விருந்தினர் சுற்றுலா விசாவில் வந்து கண்டல் இலையைப் பையில் போட்டுக்கொண்டு போவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அவர் விமானம் ஏறிவிடுவார், திணைக்களத்துக்குப் பதில் சொல்வது நீங்கள்.

ஏழாம் படி: சமர்ப்பிப்பது

ஹொரைசன் ஐரோப்பாவில் புள்ளிகள் மூன்று தலைப்பில்: ஆய்வின் தரம், அதன் பயன், செயற்படுத்தும் திறன். ஒவ்வொன்றும் ஐந்துக்கு. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று புள்ளியும், மொத்தத்தில் பதினைந்துக்குப் பத்தும் எடுத்தால் வழக்கமாக வாசலைத் தாண்டலாம். ஆனால் போட்டி அதற்கு மேலேதான் நடக்கும். உங்கள் பகுதியைப் பயன் என்ற தலைப்பில் நன்றாக எழுதுங்கள். "சமூகம் பயனடையும்" என்று எழுதாமல், முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு எந்த மாதத்தில் என்ன அட்டவணை போகும் என்று எழுதினால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஐரோப்பிய அழைப்புகள் பெரும்பாலும் பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணிக்கு மூடும். அங்கே குளிர்காலம் என்றால் நமக்கு இரவு 9.30, கோடை என்றால் 8.30. முடிவு நேரம் வரைக்கும் எத்தனை முறையும் மாற்றி ஏற்றலாம், கடைசியாக ஏற்றியதையே எடுப்பார்கள். ஆகவே இரண்டு நாள் முன்பே ஒரு முழுப் பிரதியை ஏற்றிவிடுங்கள். மழையும் மின்வெட்டும் இணையமும் நம் கையில் இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு திட்டம் எடுத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

எட்டாம் படி: பதில் வந்த பிறகு

ஹொரைசன் ஐரோப்பாவில் ஐந்து மாதத்துக்குள் முடிவு வரும், வென்றால் மேலும் மூன்று மாதத்துக்குள் நிதி ஒப்பந்தத்தில் கையொப்பம். தோற்றாலும் மதிப்பீட்டாளர்களின் அறிக்கை கிடைக்கும். அந்தச் சில பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கி, உங்கள் பகுதியைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று வாசித்து, அடுத்த அழைப்புக்குள் சரிசெய்யுங்கள். கூட்டாளிக்கு நன்றி சொல்லி, மறுபடி எழுதுவோமா என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

வென்றால் முதல் நாளிலிருந்தே கணக்கு. திட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மாதம் எத்தனை நாள் அதற்குச் செலவிட்டார் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரு வருடத்துக்கு 215 நாள் என்பது அவர்களின் கணக்கு. விரிவுரையும் பரீட்சைத் தாளும் திருத்திய நாட்களை இதில் சேர்க்க முடியாது. கட்டுரைகளை எல்லோரும் இலவசமாக வாசிக்கும்படி உடனே வெளியிட வேண்டும்.

நாணய மாற்றில் கவனமாக இருங்கள். செலவு ரூபாயில், அறிக்கை யூரோவில். இலங்கை ரூபாய்க்கு ஆணையம் மாதாமாதம் வெளியிடும் விகிதத்தின் சராசரியை எடுப்பார்கள், உங்கள் வங்கி தந்த விகிதத்தை அல்ல. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு மாதம் வந்தால் வரவுசெலவு தலைகீழாகும். ஆகவே உதவியாளரின் சம்பளம் போன்ற நிலையான செலவுகளை முதலில் உறுதிசெய்து, கொள்வனவுகளைத் தவணையாகப் பிரித்து வையுங்கள்.

பற்றுச்சீட்டு, சமுகமளிப்புப் பதிவு, தோணிக் கூலிக்கு மீனவர் வைத்த கையொப்பம் எல்லாவற்றையும் கடைசிக் கொடுப்பனவு வந்து ஐந்து வருடம் வரைக்கும் வைத்திருக்க வேண்டும், கணக்காய்வாளர் எப்போதும் வரலாம். ஒரு பிரதியை ஸ்கேன் செய்து துறையின் கணினியிலும் இன்னொன்றை நிதியாளரிடமும் வையுங்கள். தற்காலிக ஆளாக இருந்து அந்த வேலையைச் செய்தவர் வேறு ஊருக்குப் போய்விடக்கூடும் என்பதால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.